மெக்ரெகர் மேதர்ஸ்: வாசிப்பறையில் உழைத்த மாந்திரீகர்

1920ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் ஒரு கவிதை எழுதினார். கல்லறைத் திருநாள் இரவு. நள்ளிரவு மணி அடிக்கிறது. மேசையில் இரண்டு கோப்பை நிறைய மது. ஆவிகளுக்கு மதுவின் மணமே போதும் என்று சொல்லிக்கொண்டு, இறந்துபோன நண்பர்கள் மூவரை ஒவ்வொருவராக அழைக்கிறார். அவர்களில் ஒருவர் நடிகை ஃப்ளாரன்ஸ் ஃபார். பெர்னார்ட் ஷாவின் தொடக்க கால நாடகங்களில் நடித்தவர். 1912இல், தம் 52ஆம் வயதில், லண்டன் வாழ்க்கையை முடித்துக்கொண்டு கப்பலேறி, பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்தில் தொடங்கவிருந்த பெண்கள் கல்லூரிக்குப் பொறுப்பேற்க வந்தவர். 1917இல் கொழும்பில் புற்றுநோயால் இறந்தார்.

இராமநாதன் கல்லூரியின் தொடக்க காலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த அம்மையாரின் பெயர் எனக்குக் கிடைத்தது. மருதனார்மடத்தில் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வந்தவர், அதற்கு முன் லண்டனில் ஒரு மாந்திரீக சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் என்று தெரிந்ததும் என்னால் அதோடு விட்டுவிட முடியவில்லை. தேடிக்கொண்டே போனதில் வந்து சேர்ந்த இடம், யேட்ஸ் அதே கவிதையில் கடைசியாக அழைக்கும் மனிதர்: மெக்ரெகர் மேதர்ஸ். பாதிப் பைத்தியம், பாதிப் போக்கிரி என்று அவரைப் பற்றி நினைத்ததாகவும், அதை அவரிடமே சொல்லிவிட்டதாகவும், ஆனாலும் நட்பு அற்றுப் போவதில்லை என்றும் யேட்ஸ் எழுதுகிறார்.

மேதர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பைத்தியத்தையும் போக்கிரித்தனத்தையும்தான் எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையில் பாரிஸ் தெருவில் திரிந்தது, போலிப் பட்டம், சபைச் சண்டை, பின்னாளில் பேர்பெற்ற ஆங்கில மாந்திரீகரான அலிஸ்டர் க்ரௌலியுடன் நீதிமன்றம் ஏறியது. இவை எல்லாமே நடந்தவைதான். ஆனால் இவற்றுக்கு நடுவே அவர் செய்த ஒரு வேலை இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் நூலகப் பெட்டிகளில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை எடுத்து, ஒப்பிட்டு, ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சேற்றினார். மேற்கத்திய மாந்திரீகம் என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த மேசை உழைப்பிலிருந்து கிளம்பியது. அந்த உழைப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாமுவேல் லிடெல் மேதர்ஸ் 1854 ஜனவரியில் லண்டனின் ஹாக்னி பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு வணிக நிறுவன எழுத்தர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பெட்ஃபோர்டில் பள்ளிப் படிப்பு. அதன்பின் கடற்கரை ஊரான போர்ன்மவுத்தில் தாயோடு வாழ்க்கை. பல்கலைக்கழகம் பக்கம் போகவில்லை. 1877இல் அந்த ஊர் ஃப்ரீமேசன் சபையில், ரகசியச் சடங்குகள் கொண்ட ஆண்களின் சகோதர சபையில், சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஃப்ரீமேசன்களுக்குள்ளேயே இயங்கிய ரோசிக்ரூசியன் என்ற மறைஞானச் சங்கத்திலும் இடம் கிடைத்தது. அவருடைய இன்னொரு மோகம் போர்க்கலை. அவர் பெயரில் முதலில் வெளிவந்த நூலே 1884இல் வந்த காலாட்படைப் பயிற்சிக் கையேடுதான், பிரெஞ்சிலிருந்து பெயர்த்தது. 1885இல் தாய் இறந்ததும் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். கையில் காசில்லை. குத்துச்சண்டையும் வாள்வீச்சும் பழகிய உடம்பு. புலால் உண்ணாதவர்.

அந்த நாளைய லண்டனில் காசில்லாத அறிவுப் பசிக்காரர்களுக்கு ஒரு புகலிடம் இருந்தது: பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்டமான வாசிப்பறை. பெரிய குவிமாடத்தின் கீழ் ஆரக்கால்களாக விரியும் மேசை வரிசைகள். வாசகர் சீட்டு ஒன்று இருந்தால் போதும், அங்கிருந்த எந்த நூலையும் கேட்டுப் பெறலாம். யேட்ஸ் மேதர்ஸை முதலில் பார்த்தது அங்கேதான். பழுப்பு வெல்வெட்டீன் கோட்டும், ஒட்டிய கன்னங்களும், உறுதியான முகமும், விளையாட்டு வீரனின் உடற்கட்டும் கொண்ட அந்த மனிதரை, பெயர் தெரிவதற்கு முன்பே ஒரு காவியப் பாத்திரமாகத் தான் கற்பனை செய்துகொண்டதாக யேட்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார்.

அங்கே உட்கார்ந்து மேதர்ஸ் முடித்த முதல் பெரிய வேலை 1887இல் வெளிவந்தது. யூத மறைஞான மரபான கப்பாலாவின் தலையாய நூல் ஸோஹர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்டது. அரமேய மொழியில் எழுதப்பட்டது. அதன் சில பகுதிகளை 17ஆம் நூற்றாண்டில் நோர் ஃபான் ரோசன்ராட் என்ற ஜெர்மானிய கிறிஸ்தவ அறிஞர் லத்தீனில் பெயர்த்திருந்தார். அந்த லத்தீன் தொகுதிகளிலிருந்து மூன்று நூல்களை மேதர்ஸ் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மூல அரமேயத்தோடும் எபிரேயத்தோடும் ஒப்பிட்டதாகத் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டுக்கொண்டார்.

அந்த மூன்றில் இரண்டு, சபை கூடிப் பேசும் வடிவில் இருப்பவை. ரப்பி (யூத மத ஆசான்) ஷிமோன் பர் யோகாய் தம் சீடர்களை அழைத்து, இறைவனின் திருமுகத்தைக் கூந்தல் கூந்தலாக, தாடியின் பகுதி பகுதியாக விரித்துச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூவர் அந்தப் பேரின்பத்தைத் தாங்காமல் அங்கேயே உயிர் விடுகிறார்கள். அடுத்த நூலில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரப்பியின் உயிரும் பிரிகிறது. மேதர்ஸின் பெயர்ப்பில் இதைப் படித்துக்கொண்டு போனால் வாக்கியங்கள் கரடுமுரடாக இருக்கின்றன. பழைய ஆங்கில பைபிளின் நடையைப் போலி செய்கிறார். பத்தி பத்தியாக எண் போட்டிருப்பது கண்ணை உறுத்துகிறது. ஆனால் ரப்பி இறக்கும் இடத்தில் அந்தக் கரடுமுரடையும் தாண்டி ஏதோ ஒன்று வந்து நெஞ்சைப் பிடிக்கிறது. இரண்டு மொழி கடந்து வந்தும் மூலத்தின் சூடு ஆறவில்லை என்பதை மறுக்க என்னால் முடியாது. யூதக் கல்விச் சூழலுக்கு வெளியே, லத்தீனும் தெரியாத ஆங்கில வாசகர் ஒருவருக்கு அன்று வேறு வழியே கிடையாது. அந்தப் பாதையை அவர்தான் வெட்டினார்.

அவருடைய உழைப்பின் தரத்தைக் காட்ட நான் எடுத்துவைக்கும் நூல் இரண்டாவது: 1889இல் வந்த சாலமோனின் திறவுகோல். சாலமோன் மன்னன் எழுதியதாகச் சொல்லப்பட்ட மந்திர நூல். வட்டம் கீறுவது, கறுப்புப் பிடி கத்தியும் வெள்ளைப் பிடி கத்தியும் செய்வது, கன்றுத்தோல் பதப்படுத்துவது, கோள்களின் ஓரை பார்த்துச் சக்கரம் வரைவது என்று முழுக்க முழுக்கச் செய்முறை. ஐரோப்பா முழுக்கத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்கப்பட்ட நூல் என்பதால் பிரதிக்குப் பிரதி பாடம் வேறுபடும். ஓரிடத்தில் இருக்கும் அத்தியாயம் இன்னொன்றில் இருக்காது.

மேதர்ஸ் என்ன செய்தார் என்று அவருடைய முன்னுரையைப் பார்த்தாலே தெரியும். மியூசியத்தில் இருந்த ஏழு கையெழுத்துப் பிரதிகளையும் வரவழைத்தார். ஐந்து பிரெஞ்சு, ஒன்று லத்தீன், ஒன்று இத்தாலியம். அவற்றின் நூலக எண்களை வரிசையாகக் கொடுக்கிறார். எது பழையது, எது சிதைந்தது, எதை அடிப்படைப் பாடமாகக் கொண்டார் என்று சொல்கிறார். ஒரு பிரதியின் பிற்பகுதி வேறொரு நூலிலிருந்து ஒட்டப்பட்டது என்று கண்டுபிடித்து அதை விலக்குகிறார். விலக்கியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார். சக்கரங்களில் உள்ள எபிரேய எழுத்துகள்தான் பெரிய தலைவலி. எபிரேயமே தெரியாத பிரதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வரைந்ததில் எழுத்து எழுத்தாகவே இல்லாமல் வெறும் கோடுகளாகியிருந்தன. சக்கரத்தைச் சுற்றி எழுதியிருப்பது எந்த விவிலிய வசனம் என்று ஒவ்வொன்றாகத் தேடி, எழுத்துகளைத் திருத்தி அமைத்தார்.

யேட்ஸ் அவரைப் பற்றிச் சொன்ன ஒரு தீர்ப்பு உண்டு: கற்றது நிறைய, ஆய்வு நெறி குறைவு, கற்பனை நிறைய, ரசனை முழுமையாக அமையவில்லை. இந்தத் தீர்ப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பின்வந்த பதிப்பாளர்கள் மேதர்ஸின் பாடத்தில் பிழைகள் கண்டிருக்கிறார்கள். தமக்குப் பிடிக்காததை அவர் வெட்டியிருக்கிறார். மூலத்தின் பழமையைப் பற்றி அவர் நம்பியது தவறு. இந்த நூலை உண்மையிலேயே சாலமோன் எழுதினார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும், பல்கலைக்கழகங்கள் தொடவே கூசிய நூல்களுக்குப் பிரதி ஒப்புநோக்கும் மரியாதையைத் தந்தவர் அவர். நம்பிக்கையாளர்கள் ரகசியம் காக்கவும், அறிஞர்கள் முகம் சுளிக்கவும் மட்டுமே செய்த காலத்தில் அது சிறிய காரியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இரண்டு நூல்களுக்கும் நடுவில், 1888இல், அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட சபை பிறந்தது: கோல்டன் டான். லண்டனில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த வின் வெஸ்ட்காட்டின் கைக்குச் சங்கேத எழுத்தில் எழுதிய ஏறத்தாழ 60 தாள்கள் வந்தன. அவற்றில் சடங்குகளின் எலும்புக்கூடு மட்டும் இருந்தது. வெஸ்ட்காட், உட்மன், மேதர்ஸ் மூவரும் தலைவர்கள் ஆனார்கள். ஜெர்மனியில் வாழும் அன்னா ஸ்ப்ரெங்கல் என்ற மூதாட்டி சபை நடத்த அனுமதி கொடுத்துவிட்டதாக வெஸ்ட்காட் கடிதங்களைக் காட்டினார். எலும்புக்கூட்டுக்குச் சதையும் ரத்தமும் கொடுத்தவர் மேதர்ஸ். எகிப்து, கப்பாலா, சோதிடம், குறி பார்க்கும் டாரட் சீட்டு, எலிசபெத் அரசி காலத்து அறிஞர் ஜான் டீ தேவதூதர்களிடமிருந்து பெற்றதாகச் சொன்ன மொழி, எல்லாவற்றையும் ஒரே கட்டடமாகக் கட்டினார். வாசிப்பறையில் சேர்த்த அத்தனையும் அதில் போய்ச் சேர்ந்தது.

பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொண்டது இந்தச் சபையின் பெரிய பெருமை. ஃப்ரீமேசன் சபை அவர்களை வாசற்படியிலேயே நிறுத்தியிருந்தது. ஃப்ளாரன்ஸ் ஃபார், தேயிலை வணிகக் குடும்பத்து ஆனி ஹார்னிமன், அயர்லாந்து விடுதலைப் போராளி மாட் கான், எல்லோரும் இங்கே வந்தார்கள். 1890 மார்ச்சில் யேட்ஸ் சேர்ந்தார்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தியாசபிகல் சொசைட்டி அடையாறிலிருந்து நடத்திய தியாசபிஸ்ட் இதழில், மூச்சின் ஓட்டத்தையும் ஐம்பூதங்களையும் பற்றி ராம பிரசாத் எழுதிய கட்டுரைகள் 1890இல் நூலாக வெளிவந்தன. அதிலிருந்து ஐந்து தத்துவச் சின்னங்களைக் கோல்டன் டான் எடுத்துக்கொண்டது: மண்ணுக்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெள்ளிப் பிறை, நெருப்புக்குச் சிவப்பு முக்கோணம், காற்றுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கருநீல முட்டை வடிவம். நம் சைவ சாத்திரமான உண்மை விளக்கம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் மண் பொன்னிற நாற்கோணம், நீர் வெண்ணிறப் பிறை, நெருப்பு சிவப்பு முக்கோணம். காற்றிலும் ஆகாயத்திலும்தான் வடிவம் மாறுகிறது. லண்டனில் இதைப் பயன்படுத்திய விதம் அவர்களுடையது. அட்டையில் வரைந்த மஞ்சள் சதுரத்தைக் கண் இமைக்காமல் பார்த்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்க்க வேண்டும். எதிர்நிறத்தில் அதே சதுரம் சுவரில் மிதக்கும். அதைக் கதவாக எண்ணிக்கொண்டு மனத்தால் உள்ளே நுழைய வேண்டும்.

யேட்ஸுக்கு மேதர்ஸ் இப்படி ஓர் அட்டைச் சின்னத்தைக் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். மெல்ல மெல்லக் காட்சி எழுந்தது. ஒரு பாலைவனம்; பழைய இடிபாடுகளின் குவியலுக்கு நடுவிலிருந்து கரிய பேருரு ஒன்று இரண்டு கைகளையும் ஊன்றி எழுகிறது. உனக்குக் காட்டியது நெருப்பின் சின்னம், அதனால் நெருப்பு உயிரைக் கண்டாய் என்று மேதர்ஸ் விளக்கினார். பிற்காலத்தில் யேட்ஸ் எழுதிய மிகப் புகழ்பெற்ற கவிதையில் பாலைவனத்தில் அசைந்து எழும் அந்தச் சிங்க உடல் உருவத்துக்கு வேர் இந்த அனுபவம் என்று விமர்சகர்கள் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். தன் மனத்திலிருந்து தானாக உருவங்கள் எழும், அவை தன் சொந்த நினைவைவிடப் பெரியவை என்ற உறுதியை யேட்ஸுக்குக் கொடுத்தவர் மேதர்ஸ். ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிதாக யார் என்ன கொடுத்துவிட முடியும்?

அதே வாசிப்பறை வட்டாரத்தில்தான் மீனா பெர்க்சனை அவர் கண்டார். ஓவியம் படித்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தத்துவவாதி ஆன்றி பெர்க்சனின் தங்கை. 1890இல் சாகம் என்ற சிற்றூரில், ரசவாதத்தில் ஈடுபாடு கொண்ட ஒரு பாதிரியாரின் ஊரில் திருமணம் நடந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் பழைய கெல்டிய மரபின் மீது கணவருக்கு இருந்த ஆசைக்காக மீனா தம் பெயரை மொய்னா என்று மாற்றிக்கொண்டார். தோழி ஆனி ஹார்னிமன், தம் தந்தையின் அருங்காட்சியகத்தில் மேதர்ஸுக்குக் காப்பாளர் வேலை வாங்கிக் கொடுத்தார். அது நீடிக்கவில்லை. 1892இல் தம்பதியர் பாரிஸுக்குப் போனார்கள். ஆனி அனுப்பிய பணத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மொய்னாவை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெரிய ஓவியராக வந்திருக்கக்கூடிய பெண், சபையின் ஏழு சுவர் மண்டபத்துக்கு வண்ணம் தீட்டுவதிலும், கணவருக்காகச் சமாதி நிலையில் அமர்ந்து குறி கேட்டுச் சொல்வதிலும் தம் கையைச் செலவழித்தார். அவர் குறை சொன்னதாக எங்கும் நான் படித்ததில்லை. அண்ணன் பெர்க்சனுக்குத் தம் மாந்திரீகம் முழுவதையும் காட்டியும் அந்த மனிதரிடம் எந்தப் பாதிப்பும் இல்லையே என்று மேதர்ஸ் அங்கலாய்த்ததை யேட்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

பாரிஸ் வீட்டின் மாலைப் பொழுதையும் யேட்ஸ்தான் நமக்குக் காட்டுகிறார். நால்வர் ஆடும் ஒரு சதுரங்கம். ஒரு பக்கம் யேட்ஸும் மொய்னாவும். மறுபக்கம் மேதர்ஸும் ஓர் ஆவியும். ஆவியின் முறை வரும்போது மேதர்ஸ் கையால் கண்ணுக்கு நிழல் கொடுத்து, மூலையில் உள்ள காலி நாற்காலியைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு ஆவிக்காகக் காயை நகர்த்துவார். யேட்ஸ் இதைக் கேலியாக எழுதவில்லை. இன்னொரு நாள், பெரும் போர் வரப்போகிறது என்று மேதர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர் கலவரம் ஒன்றைப் போரின் தொடக்கம் என்று எண்ணி இறங்கியதில் பட்ட வாள் காயத்தையும் காட்டினார். இது 1890களின் முற்பகுதி. அந்தப் போர் 1914இல் வந்தது.

மெக்ரெகர் என்ற பெயரே அவராகச் சூட்டிக்கொண்டதுதான். கிளென்ஸ்ட்ரே பிரபு என்ற பட்டத்துக்கும் உரிமை கொண்டாடினார். அந்தப் பட்டத்தின் கதை நம் ஊரைத் தொடுகிறது. 1745ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கிளர்ச்சி தோற்ற பிறகு பிரான்சுக்கு ஓடிப்போன மூதாதை ஒருவர், தளபதி லாலியின் கீழ் புதுச்சேரியில் போரிட்டதாகவும், பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு அந்தப் பட்டம் கொடுத்ததாகவும் சொல்லிக்கொண்டார்கள். மொய்னாவே கணவரின் நூலுக்கு எழுதிய முன்னுரையில் இதை எழுதியிருக்கிறார். வந்தவாசியில் தோற்று, 1761இல் புதுச்சேரியைப் பறிகொடுத்து, கடைசியில் பாரிஸில் தலை வெட்டப்பட்ட அதே லாலிதான். ஹாக்னி எழுத்தரின் மகனுக்கு அப்படியொரு மூதாதை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தோற்ற படையில் ஒரு வீரனைத் தம் முன்னோனாக அவர் தேர்ந்தெடுத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வென்றவர்களின் பக்கம் அவர் மனம் ஒருபோதும் சாயவில்லை.

பாரிஸில் அவர் செய்த பெரிய வேலை, அர்சனல் நூலகத்தில் கிடந்த ஒரு பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியைப் பெயர்த்து 1898 வாக்கில் வெளியிட்டது. வோர்ம்ஸ் நகரத்து ஆபிரகாம் என்ற யூதர், எகிப்தில் ஆபிரமெலின் என்ற ஞானியிடம் கற்றதைத் தம் மகன் லாமேக்குக்கு எழுதி வைத்ததாக அமைந்த நூல். ஆறு மாதம் தனித்திருந்து, பிரார்த்தனை செய்து, உடலையும் மனத்தையும் சுத்தமாக்கி, ஒவ்வொருவருக்கும் உரிய காவல் தேவதூதனோடு பேசும் தகுதியைப் பெற வேண்டும். அதன் பிறகே மற்றவை. பேய்களை ஏவும் நூல்களுக்கு நடுவே, முதலில் நீ ஒழுங்காகு என்று சொல்லும் நூல் இது. நான் படித்த அவருடைய மொழிபெயர்ப்புகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். மந்திரத்துக்காக அல்ல, ஒரு தகப்பன் தன் இளைய மகனுக்குச் சொல்லும் குரலுக்காக.

பின்னாளில் பழைய ஜெர்மன் பிரதிகள் வெளிச்சத்துக்கு வந்தன. கியோர்க் டேன் 1995இல் அவற்றை வைத்து ஒரு பதிப்புக் கொண்டுவந்தார். அதன்படி தவத்தின் காலம் ஆறு மாதமல்ல, பதினெட்டு மாதம். எழுத்துக் கட்டங்களில் பிரெஞ்சுப் பிரதி காலியாக விட்ட இடங்கள் ஜெர்மன் பிரதியில் நிறைந்திருக்கின்றன. மேதர்ஸுக்குக் கிடைத்தது சிதைந்த பாடம். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் அந்தச் சிதைந்த பாடத்தை நம்பியே பலர் தவம் இருந்தார்கள். க்ரௌலி அதற்காகவே ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிக்கரையில் வீடு வாங்கினார்.

சரிவு எங்கே தொடங்கியது என்று கேட்டால், 1896ஐச் சொல்வேன். அந்த ஆண்டு மேதர்ஸ் சபையின் உயர் உறுப்பினர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சபையை மறைவிலிருந்து வழிநடத்துவதாக நம்பப்பட்ட ‘மறைவான தலைவர்களை’த் தாம் சந்தித்திருப்பதாகவும், அவர்கள் மனிதர்களே, ஆனால் பேராற்றல் கொண்டவர்கள் என்றும் எழுதினார். அவர்கள் அருகில் நின்றபோது மூச்சு முட்டியது. மூக்கிலும் வாயிலும், சில சமயம் காதிலும் ரத்தம் வந்தது. படிக்கும்போது ஒரு மனிதர் எதையோ உண்மையாகவே அனுபவித்துவிட்டுத் தவிப்பது தெரிகிறது. ஆனால் அந்த அறிக்கையின் நோக்கம், எல்லோரும் தமக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று உறுதி வாங்குவது. ஆனி ஹார்னிமன் மறுத்தார். சோறு போட்ட அந்தப் பெண்ணை அவர் சபையை விட்டே விலக்கினார். மேதர்ஸிடம் என்னால் மன்னிக்க முடியாத செயல் இது ஒன்றுதான். ஆனியின் செல்வம் பிறகு டப்ளின் ஏபி நாடக அரங்கைக் கட்டியெழுப்பப் போயிற்று.

1897இல் வெஸ்ட்காட் விலகினார். லண்டன் சபையின் தலைமை ஃப்ளாரன்ஸ் ஃபாரிடம் வந்தது. 1900 பிப்ரவரியில் பாரிஸிலிருந்து அவருக்கு மேதர்ஸ் எழுதிய கடிதம் சபையின் அடித்தளத்தையே பெயர்த்தது. ஸ்ப்ரெங்கல் அம்மையார் பெயரில் வந்த கடிதங்களை வெஸ்ட்காட்டே புனைந்துவிட்டார், மறைவான தலைவர்களோடு உண்மையான தொடர்பு தமக்கு மட்டுமே உண்டு என்றார். தம் அதிகாரத்தை நிலைநாட்ட எழுதியதுதான். ஆனால் சபை நின்றதே அந்தக் கடிதங்களின் மீது. நுனிக் கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிக்கொண்டார். லண்டன்காரர்கள் விசாரணைக் குழு அமைத்தார்கள். மேதர்ஸ் தம் புதிய சீடரான க்ரௌலியை அனுப்பி, ஹாமர்ஸ்மித் பகுதியில் பிளைத் சாலையில் இருந்த சபைக் கூடத்தைக் கைப்பற்றப் பார்த்தார். போலீஸ் வரவேண்டியிருந்தது. மேதர்ஸ் வெளியேற்றப்பட்டார். அதே சமயம், தாம்தான் உண்மையான ஸ்ப்ரெங்கல் என்று சொல்லிக்கொண்டு பாரிஸில் வந்து நின்ற ஒரு மோசடிக்காரியையும் அவர் நம்பிவிட்டார். அந்தப் பெண்ணும் அவள் கணவனும் 1901இல் லண்டன் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றபோது சபையின் பெயர் பத்திரிகைகளில் நாறியது.

க்ரௌலியுடனான உறவும் முறிந்தது. சாலமோன் பெயரில் வழங்கிய இன்னொரு நூலின் முதல் பகுதியை, 72 பேய்களின் பட்டியலை, மேதர்ஸ் பிரதிகளிலிருந்து தயாரித்து வைத்திருந்தார். க்ரௌலி அதை 1904இல் தம் முன்னுரையோடு வெளியிட்டார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் ‘இறந்துபோன ஒரு கை’ என்று அச்சிட்டார். மேதர்ஸ் அப்போது பாரிஸில் உயிரோடு இருந்தார். வறுமையில் இருந்தார். ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடக் கொடுமை செய்ய முடியுமா என்று அந்தத் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கொதிப்பு வருகிறது. 1910இல் சபைச் சடங்குகளை க்ரௌலி அச்சிடுவதைத் தடுக்க மேதர்ஸ் வழக்குப் போட்டார். முதலில் தடை கிடைத்தது; மேல்முறையீட்டில் போயிற்று.

1918 நவம்பரில், போர் ஓய்ந்த அந்த மாதத்தில், 64 வயதில் பாரிஸில் இறந்தார். மொய்னா லண்டன் திரும்பி, கணவர் வழியில் ஒரு சபையை நடத்தினார். கணவரின் நூலுக்கு முன்னுரை எழுதினார். 1928இல் அவரும் போனார். யேட்ஸ் 1925இல் தம் தத்துவ நூலை மொய்னாவின் சபைப் பெயருக்குத்தான் காணிக்கையாக்கினார். அத்தனை சண்டைக்குப் பிறகும்.

மேதர்ஸின் தாக்கம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடினால் எதிர்பாராத இடங்களில் கைவரிசை தெரிகிறது. இன்று உலகெங்கும் விற்கும் ரைடர் டாரட் சீட்டு, 1909இல் கோல்டன் டான் உறுப்பினர்களான வெயிட்டும் பமேலா கோல்மன் ஸ்மித்தும் செய்தது. அதில் எட்டாம் சீட்டும் பதினொன்றாம் சீட்டும் இடம் மாறியிருப்பது சபையின் வழக்கப்படி. 1950களில் ஜெரால்ட் கார்ட்னர் பரப்பிய விக்கா என்ற புதிய சமயத்தில் வட்டம் கீறும் முறையும் கறுப்புப் பிடி கத்தியும் மேதர்ஸின் சாலமோன் நூலிலிருந்து போனவை. கார்ட்னரின் கையெழுத்து நோட்டிலேயே மேதர்ஸின் வரிகள் அப்படியே இருக்கின்றன. 1937 முதல் 1940 வரை இஸ்ரேல் ரெகார்டி என்பவர் சபைச் சடங்குகளை நான்கு தொகுதிகளாக அச்சிட்ட பிறகு ரகசியம் என்று எதுவும் மிச்சமில்லை. அந்த 72 பேய்களின் பெயர்கள் ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளில் உலவுகின்றன. அவற்றை விளையாடும் பிள்ளைகளுக்கு மேதர்ஸ் யார் என்று தெரிந்திருக்க வழியில்லை.

மறைவான தலைவர்கள் உண்மையிலேயே அவரைச் சந்தித்தார்களா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அந்த நம்பிக்கையை மதிக்கிறேன்; அதன் பெயரால் அவர் கேட்ட கீழ்ப்படிதலை மதிக்கவில்லை. அவரைப் படிக்க விரும்புகிறவர்கள் சாலமோன் நூலின் முன்னுரையிலிருந்து தொடங்கலாம். சில பக்கங்கள்தான். அதன்பின் ஆபிரகாம் தம் மகனுக்குச் சொல்லும் பகுதியை ஜெர்மன் பதிப்போடு சேர்த்துப் படித்தால் மேதர்ஸ் எங்கே தடுமாறினார் என்பது புரியும். சாலமோன் முன்னுரையில் அவர் கொடுத்த ஏழு எண்களும் இன்றும் மாறவில்லை. பிரிட்டிஷ் நூலகத்தில் அதே எண்களைச் சொல்லி அந்தப் பிரதிகளைக் கேட்டுப் பெறலாம். பின்வந்த பதிப்பாளர்கள் அப்படிக் கேட்டுப் பெற்றுத்தான் அவருடைய பிழைகளைத் திருத்தினார்கள்.